நீலச் சேலையும் பாசிப் பைகளும்

சனிக்கிழமை காலையில் லேப் உதவியாளர் போன் செய்தார். "சார், நம்ம ஜெபராணி மேடம் போயிட்டாவ." எங்கே என்று கேட்டுவிட்டேன். அவருடைய தாவரவியல் லேபுக்கும் என் வேதியியல் லேபுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவர் இல்லாத கல்லூரியை நம்மில் யாரும் பார்த்ததில்லை.

துறைமுகச் சாலைக்காரர்கள் தங்கள் காற்றில் பிளாஸ்டிக் துகள் பறக்கிறதா என்று கேட்டு வந்தபோது, நான் விலையுயர்ந்த கருவிகளைப் பற்றிப் பேசினேன். "பாசி இருக்குல்லா சார்?" என்றார் மேடம். பாசிக்கு வேர் கிடையாது. காற்றில் வந்து விழுவதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மலைப் பாறைகளில் படர்ந்திருப்பதைக் கொண்டுவந்து, அலசி, பருத்திப் பைகளில் போட்டு அந்தத் தெரு மொட்டைமாடிகளில் கட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பையை மட்டும் லேபிலேயே கண்ணாடி ஜாடிக்குள் மூடி வைத்தார்.

பைகளை இறக்கிப் பார்த்தால் நுண்ணோக்கியில் நீல நீலமாய் இழைகள். நாங்கள் குதிக்காத குறைதான். தெருக்காரர்கள் அதிகாரிகளிடம் மனு கொடுக்க மறுநாளே கூட்டம் போட்டார்கள். மேடம் மட்டும் ஜாடிப் பாசியைப் பார்த்தார். வெளிக்காற்றே படாத அதிலும் அதே நீலம். குனிந்து தன் நீலப் பாலியஸ்டர் சேலையைப் பார்த்தார். பாலியஸ்டரும் பிளாஸ்டிக் இழைதான். அதைக் கட்டிக்கொண்டுதான் பாசியை அலசியிருந்தார்.

கூட்டத்தில் எழுந்து அதை அப்படியே சொல்லிவிட்டார். லாரி ஷெட்டுக்கு எதிர்வீட்டு அண்ணாச்சி கொதித்துப் போனார். "எங்க பிள்ளைக மூச்சு விடுத காத்து டீச்சர் இது. சேலைக் கதையைச் சொல்லாம இருந்தா என்ன?"

"நாளைக்கு ஒருத்தன் கண்டுபிடிச்சிட்டாம்னா, அண்ணாச்சி, அதுக்கப்புறம் நீங்க சொல்லுத நெசத்தையும் எவனும் நம்ப மாட்டான். பையை இன்னொருக்க கெட்டுதேன்."

அடுத்த முறை லேபில் எல்லோருக்கும் பருத்தி உடைதான். பாலியஸ்டர் கலந்த என் டெரிகாட்டன் சட்டையைப் பார்த்து, "சார், வாசலோட நில்லுங்க" என்றார். இந்த முறை ஜாடிப் பாசி சுத்தமாக இருந்தது. மாடிப் பாசியில் இழைகளும் துணுக்குகளும் இருந்தன. அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டார்கள். ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார் மேடம். இரண்டு பாசியையும் அவர்களே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அந்தச் சாலைக் காற்றை இனி கண்காணிப்பதாக எழுதிக் கொடுத்தார்கள்.

அடக்கத்துக்குப் போனேன். பெட்டிக்குள் அந்த நீலச் சேலையில் இருந்தார். மகள் என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச சேலை சார். லேபுக்குத்தான் ஆகாதுன்னு பீரோல வச்சிருந்தாவ. இனி கெட்டலாம்லா?" சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டேன்.

பாசிப் பைகளை இனி நான்தான் கட்டப் போகிறேன். ஜாடி என் மேஜையில் இருக்கிறது. யாரைக் குற்றம் சொல்ல வாயெடுத்தாலும், முதலில் குனிந்து என் சட்டையைப் பார்த்துக்கொள்கிறேன்.