வெள்ளைத் தேரை

எங்கள் பேண்டேஜ் ஆலையில், மடிப்புப் பகுதியின் சுவரில் ஒரு கரும்பலகை இன்னும் தொங்குகிறது. அன்றைக்கு எவ்வளவு பேண்டேஜ் முடிக்க வேண்டும் என்று எழுதுவதற்காக மாட்டியது. இப்போது எழுதுவது நான். முட்டி வலியோடு ஸ்டூலில் ஏறி எழுதி இறங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. எனக்கு முன்னால் எழுதியவர் சூப்பர்வைசர் அண்ணாச்சி. அவர் வேலைக் கணக்கைக் கீழே ஓரமாகக் கிறுக்கிவிட்டு, மேலே பெரிய எழுத்தில் ஏதாவது ஒரு பிராணியைப் பற்றி எழுதுவார். ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று. ஒரு வகைத் தவளை குளிரில் கல்லாக உறைந்து கிடந்து, குளிர் விட்டதும் எழுந்து போகும். இப்படி ஏதாவது.

எல்லாம் செய்தித்தாளின் மூலையில் வரும் துணுக்குகள். டீக்கடையில் பேப்பரை வாங்கினால் கட்சிச் செய்தியெல்லாம் தள்ளிவிட்டு முதலில் அதைத்தான் தேடுவார். எங்களுக்கு அதில் அலுப்புதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே இராஜபாளையம் வந்து, நாள் முழுக்கப் பஞ்சுத் தூசிக்குள் நின்று, காயத்துக்குக் கட்டும் காஸ் துணி மடிக்கிறவளுக்கு, ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் இருந்தால் என்ன? "ஒண்ண வச்சிக்கிட்டு நாங்க படுற பாடு பத்தாதாக்கும் அண்ணாச்சி" என்று ஒரு தடவை சொன்னேன். "அப்போ அது படுற பாட்ட நெனச்சுப் பாரு தாயி" என்று சிரித்தார்.

அவருக்கு ஒரே மகள் இருந்தாள். கோதை என்று பெயர். எங்கள் ஊர்த் தெருவில் நின்று கோதை என்று கூப்பிட்டால் நாலு வாசலிலிருந்து தலை நீளும், அத்தனை கோதைகள். இவருடைய கோதை பள்ளிக்கூடம் போகும் வயது வருவதற்குள் இளைத்து, வயிறு உப்பி, போய்விட்டாள். பிள்ளை அப்படி இளைத்தால் தேரை பட்டுவிட்டது என்பார்கள் எங்கள் பக்கத்தில். சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தத் தவளை பிள்ளை மேல் குதித்த தோஷமாம். அவளுக்கும் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அதனால் ஷெட்டில் தேரை கண்ணில் பட்டால் பிள்ளை பெற்றவள் எவளும் விடமாட்டாள், விளக்குமாற்றால் ஒரே அடி. அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருப்பார், தடுக்கமாட்டார்.

ஒரு ஐப்பசி மழையில், குடோனில் வெளுத்த துணி மூட்டைகளுக்கு நடுவே அவர் ஒரு தவளையைப் பிடித்தார். பால் வெள்ளை. அப்படி ஒன்றை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஈரமான காஸ் துணியைப் போட்டு அதில் விட்டு வைத்தார். விலங்கியல் நடத்தும் கல்லூரி வாத்தியார் ஒருவரைத் தேடிப் பிடித்து வரச் சொன்னார். வாத்தியார் வருகிற வரைக்கும் அண்ணாச்சிக்குத் தினமும் தேய்த்த சட்டைதான்.

"புதுசா ஒரு உசுரக் கண்டுபிடிச்சா அதுக்குப் பேரு வைப்பாவளாம் தாயி" என்று என்னிடம் மட்டும் சொன்னார். "புஸ்தகத்துல ஏறிட்டா அந்தப் பேரு அழியாதாம். எம் புள்ள பேர வைக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்." மூட்டை தூக்கி விட்டுப்போயிருந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டே, வைக்கட்டும் சாமி, வைக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

வாத்தியார் ஒரு மத்தியானம் வண்டியில் வந்தார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய், கருத்த ஈர மண்ணை அள்ளி உள்ளே போட்டார். டீ வந்தது. குடித்தோம், பேசினோம். பேச்சு ஓய்ந்து மறுபடி எட்டிப் பார்த்தபோது தவளை பழுப்பாகியிருந்தது. முதுகில் புள்ளிகள் வேறு.

"சாதாரணத் தேரைதாங்க இது" என்றார் வாத்தியார். "வெள்ளையான எடத்துல கெடந்தா வெளுத்துக்கும். இங்க வேற எந்த நெறத்துக்கு மாறும், சொல்லுங்க?" நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். தலை, புருவம், சேலை எல்லாம் பஞ்சு. இத்தனை வருஷமாக வெள்ளைக்குள்ளேயே கிடந்த எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

தேரை என்ற சொல் காதில் விழுந்ததும் ஒருத்தி விளக்குமாற்றை எடுத்து வந்துவிட்டாள். அண்ணாச்சி அதை வாங்கிச் சுவரில் சாய்த்தார். பிறகு வாத்தியாரிடம் கேட்டார். "சார், இது மேல பட்டா புள்ளைக்கு ஏதும் ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாதுங்க. புள்ள எளைக்கிறது வேற நோவு. நேரத்தோட ஆஸ்பத்திரில காட்டுனா பெரும்பாலும் தேறிரும்."

அவருக்குக் கோதை விஷயம் தெரியாது, சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அண்ணாச்சி பாட்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம். இன்றைக்கும் ஆறவில்லை.

மறுநாள் கரும்பலகையில் இப்படி எழுதியிருந்தது: தேரை பிள்ளைகளை ஒன்றும் செய்யாது. பிள்ளை இளைத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும். அதற்குப் பிறகு ஆக்டோபஸ் இல்லை, எதுவும் இல்லை. அந்த எழுத்து மங்க மங்க அதையே திரும்ப எழுதினார். நாங்களும் அடிப்பதை விட்டோம். குடோனில் தேரையைக் கண்டால் "கோதை வந்திருக்கா" என்று சொல்லும் பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. அண்ணாச்சி காதில் விழும்படியே சொல்வோம். ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. இப்போது அவரும் இல்லை.

இன்று காலையில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி துணி மூட்டையைப் பார்த்து விளக்குமாற்றை ஓங்கினாள்.

"அடிக்காத ஏட்டி."

"வீட்ல கைப்பிள்ள கெடக்குக்கா" என்றாள், கண் கலங்க.

விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மங்கிக் கிடந்த அண்ணாச்சியின் எழுத்தின் மேலேயே சாக்பீஸால் மறுபடி எழுதினேன். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். விளக்குமாறு மெல்லக் கீழே இறங்கியது.

"இத மொதல்ல யாருக்கா எழுதுனது?"

"கோதையோட அப்பா."

"எந்தக் கோதை?"

மூட்டையின் மேல் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தவளைக் காட்டினேன்.