நான் மாற்றிச் சொன்ன முடிவு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்குப் படக்காரி என்று பெயர். நடித்தவள் என்பதால் இல்லை, பார்த்தவள் என்பதால். என் சித்தப்பா ஹட்டனில் ஒரு படக்கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற வேலையில் இருந்தார். அந்தத் தயவில் மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது வட்டவளையில் ரயில் ஏறிப்போய்ப் பகல் ஆட்டம் பார்த்துவிட்டு, சாயந்திர ரயிலில் திரும்பிவிடுவேன். கலியாணம் ஆகாத பெண் இப்படி அலைகிறாளே என்று வாய் ஓயாமல் பேசினார்கள். அப்படிப் பேசினவர்கள்தான் திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக என் பக்கத்து நிரையில் வந்து நின்று, "சொல்லுடி, எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள்.

கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கொரு நிரை. செடிகளுக்கு நடுவே வரிசையாக ஏறிக்கொண்டே போவோம். நடு நிரை எனக்கு. குரல் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்று அவர்களே ஒதுக்கிக் கொடுத்தது. கதை சொன்னால் கை மந்தமாகும், கூடை நிறையாது. அதனால் நிறுவைக்குப் போகும் முன்னால் கேட்டவர்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை என் கூடையில் போட்டுவிடுவார்கள். யார் சொல்லி வந்த வழக்கமோ தெரியாது. எனக்கு முன்னால் படம் சொன்ன ஒரு அக்காவுக்கும் அப்படித்தான் போட்டார்கள். பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை. கதையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. என் அபிப்பிராயத்தை எல்லாம் கடைசியில், தனியாகச் சொல்ல வேண்டும்.

அபிப்பிராயத்துக்கு என்னிடம் பஞ்சமே கிடையாது. இந்தியாவில் ஓடி அலுத்து, கொழும்பில் ஓடி அலுத்து, கடைசியாகத்தான் எங்களுக்குப் படம் வரும். படச்சுருள் தேய்ந்து எல்லாப் படத்திலும் கோடு கோடாக மழை பெய்யும். அதை நான் குற்றமாகச் சொன்னதில்லை. ஆனால் ஒரு கதாநாயகி கூடை நிறையப் பூவைத் தூக்கிக்கொண்டு மலை உச்சிவரை பாடிக்கொண்டே ஓடினாள், மூச்சு வாங்கவில்லை, கால் வழுக்கவில்லை, ஒரு அட்டைகூடக் கடிக்கவில்லை. "அவள ஒரு நாள் நம்ம மலையில வுட்டுப் பாக்கணும்" என்றேன். இன்னொரு படத்தில் குண்டடி பட்ட ஒருவன் எழுந்து உட்கார்ந்து ஒரு முழுப்பாட்டையும் பாடி முடித்துவிட்டுச் செத்தான். எங்கள் தாத்தா சாகும்போது தண்ணீர் கேட்கக்கூட வாய் எழவில்லை. அதையும் சொன்னேன். ஒரு சாமி படத்தைத் தூக்கம் வந்தது என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் பேச்சு வாங்கினேன். ஆனாலும் நான் வேண்டாம் என்று சொன்ன படத்துக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒருவரும் போகமாட்டார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

என் வயசுக்காரி ஒருத்தி, லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராக்காரி. சின்ன வயசிலிருந்தே கூட்டு. அவளை நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நாலு வருஷம் கழித்து ஒரு நாள் கைப்பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று அவள் யாரிடமும் விளக்கவில்லை, விளக்கவும் தேவையில்லை. மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் குளிக்கும்போது அவள் முதுகை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அவள் பேரைப் பதிந்து கொழுந்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மலையில் எங்களை வேலை வாங்குகிற கங்காணிக்கு அது தொண்டையில் முள். அவள் புருஷனுக்கு அவர் தாய்மாமன். அந்தக் கலியாணத்தைப் பேசி முடித்ததே அவர்தான். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்லமாட்டேன். "கை நிக்காம வாய் எப்படிப் போனா எனக்கென்ன" என்று எங்களைப் படக்கதை பேச விட்டவர் அவர்தான். நிரைக்குப் பின்னால் நின்று அவரும் கேட்பார்.

ஒரு சனிக்கிழமை பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் என்னிடம் கேட்டாள்.

"நாளைக்கு அட்டன் போறியா?"

"போறேன். ஏன்?"

"அங்க ஓடுற படத்துல ஒரு பொம்பள புருஷன வுட்டுட்டு வந்துருறாளாம். கடைசியில என்ன பண்றான்னு பாத்துட்டு வா. உள்ளத உள்ளபடி சொல்லு."

"நீயும் வாயேன்."

"நல்லாச் சொன்ன போ. வாழாம வந்தவ படம் பாக்கப் போனான்னு தோட்டமே கூடிரும்." குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "அடுத்த ஞாயித்துக்கிழம கோயில்ல கூட்டம் வச்சுருக்காங்க. என்னைய அனுப்பத்தான் பாப்பாங்க. போகமாட்டேன்னு சொல்லலாம்னு இருக்கேன். வாய் வருமான்னுதான் தெரியல."

"அதுக்கும் படத்துக்கும் என்னடி?"

"ஒருத்தியாவது அப்படிச் சொல்லியிருந்தா நான் ரெண்டாவது ஆளாப் போயிருவேன்ல. மொத ஆளா நிக்கத்தான் பயமா இருக்கு."

மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததிலேயே அதுதான் படம். அடி தாங்காமல் பிள்ளையோடு வெளியேறுகிறவள் ஒரு ஒற்றை அறையில் குடியிருந்து மாவு ஆட்டி இட்லி விற்றுப் பிழைக்கிறாள். கடைசிக் காட்சியில் புருஷன் வந்து கதவைத் தட்டுகிறான். பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் ஆட்டுக்கல்லை நிறுத்துகிறாள். பிறகு அவள் மறுபடியும் ஆட்ட ஆரம்பிக்கிறாள். கல் சத்தத்தில் அவன் கூப்பிடுவது கேட்காமல் போகிறது. அவ்வளவுதான் படம்.

முன் பெஞ்சில் ஆம்பிளைகள் கத்தினார்கள். "தொறடி கதவ" என்று ஒருவன் கச்சான் கடலைச் சுருளைத் திரையில் எறிந்தான். எனக்குப் பின்னால் முகம் தெரியாத ஒரு பெண், "தொறந்துராத தாயி" என்று மெதுவாகச் சொன்னாள். ரயிலில் வரும்போது எனக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை. போய் அவளிடம் சொல்ல வேண்டும், அது மட்டும்தான் மனசில் இருந்தது. ரயில் பிந்திவிட்டது. லயத்துக்கு வந்தபோது அவள் வீட்டில் கதவடைத்திருந்தார்கள். காலையில் நிரையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். அவள் எனக்கு அடுத்த நிரை. வழக்கத்துக்கு மாறாக அன்று ஒருத்தியும் நடுவில் பேசவில்லை. முடிவு வரைக்கும் ஒரு சொல் மாற்றவில்லை, சத்தியமாக. கதவைத் தட்டுகிற இடத்துக்கு வந்தேன். கல்லை நிறுத்தினாள் என்று சொன்னேன். பக்கத்து நிரையில் என் கூட்டாளியின் கை கொழுந்தின்மேல் அப்படியே நின்றது. அப்போது பின்னாலிருந்து கங்காணியின் குரல்.

"கடைசியில கதவத் தொறந்து புருஷங்கூடத்தானே போனா?"

திரும்பிப் பார்த்தேன். இரண்டு நிரைக்கு அப்பால் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ஆனால் கேட்ட விதத்தில் ஒரே ஒரு பதிலுக்குத்தான் இடம் இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

இதை எத்தனையோ தடவை எனக்குள்ளே விசாரித்துப் பார்த்துவிட்டேன். அவர் என்ன செய்திருப்பார்? என்னைச் செங்குத்தான நிரையில் போட்டிருப்பார். பேச்சை நிறுத்தியிருப்பார். என் அம்மாவை நாலு நாள் திட்டியிருப்பார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதற்காகவா? சாமி படத்தையே தூக்கம் வந்தது என்று சொன்ன வாய், அன்றைக்கு ஒரு மனுஷனின் கம்பைப் பார்த்து மடங்கிவிட்டது.

ஒரு சொல்லோடு நிறுத்தினேனா என்றால் அதுவும் இல்லை. வாயிலிருந்து விழுந்த பொய்க்குக் கைகால் வைக்க வேண்டியதாயிற்று. அவள் கதவைத் திறந்தாள், அவன் காலடியில் உட்கார்ந்து அழுதான், அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள், பிள்ளை இருவர் கையையும் பிடித்துக்கொண்டது. எல்லாம் நான் அந்த இடத்திலேயே கட்டியது. நன்றாகத்தான் கட்டினேன். இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். "இதுதான்டி படம்" என்றாள் ஒரு கிழவி. நிறுவைக்குப் போகும்போது என் கூடையில் வழக்கத்தைவிட அதிகமாகவே கொழுந்து விழுந்தது. அவளும் ஒரு பிடி போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஐந்து நாள் இருந்தது. ஒரே லயம், ஒரே பீலி. தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புதன்கிழமை சொல்லத்தான் போனேன். அவள் அம்மா பக்கத்தில் நின்றதால் உப்பு கேட்டுவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை அவளே, "அவ கொஞ்சமாச்சும் யோசிச்சாளா, உடனே தொறந்துட்டாளா?" என்று கேட்டாள். "யோசிச்சா" என்றேன். அது மட்டும் உண்மை. அந்தப் படமோ ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டு வேறு படம் போட்டுவிட்டார்கள். வேலை நாளில் எங்கள் தோட்டத்திலிருந்து யாரும் போகமுடியாது என்பதால் என் பொய் பத்திரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு முன்னால் கூட்டம். அவள் புருஷன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான். இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று எரிகிற சூடத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தான். கூட்டத்தை நடத்திய தோட்டத் தலைவர் அவளைப் பார்த்து, "நீ என்ன சொல்றம்மா?" என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். வாயைத் திறக்கிற மாதிரி இருந்தது. அதற்குள் கங்காணி சொன்னார். "படத்துலகூட கடைசியில போய்த்தான் சேர்றா. நான் சொல்லல, நம்ம படக்காரிதான் சொன்னா. எல்லாரும் கேட்டீங்கள்ல?" கேட்டோம் என்று பொம்பளைகள் தலையாட்டினார்கள். அவள் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் முன்னால் இருந்தவளின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"போறேங்க" என்றாள் அவள்.

அதற்குப் பிறகும் நான் படம் சொன்னேன், வெட்கமில்லாமல். எந்தப் படத்துக்கும் காரமாகக் குறை சொன்னேன். யார் நடிப்பு சுமார், எந்தப் பாட்டு இழுவை, எல்லாம் சொன்னேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவளைப் பற்றி அவள் அம்மா வழியாகத்தான் தெரியும். சூடத்தில் அடித்த சத்தியம் தீபாவளிவரைகூட நிற்கவில்லை. அடுத்த வருஷம் அவள் இடது மணிக்கட்டை முறித்துவிட்டான். கோணலாகக் கூடிப்போய், இரண்டு கையையும் சேர்த்துக் கொழுந்து பறிக்க முடியாமல் போனது. அந்தத் தோட்டத்தில் அவளைப் புல்லு வெட்டுக்குப் போட்டுவிட்டார்கள். அவள் அம்மா அழுதுகொண்டே சொன்னபோது நானும் கூட உட்கார்ந்து அழுதேன். என்ன உரிமையில் அழுதேன் என்று இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆறேழு வருஷம் போயிருக்கும். மாரியம்மன் திருவிழாவுக்கு அவள் வந்திருந்தாள், மூன்று பிள்ளைகளோடு. எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். கோப்பையை வலது கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மடியில் போட்டிருந்தாள்.

"நம்ம படம் எங்க பக்கம் வந்துச்சுடி" என்றாள் சிரித்துக்கொண்டு. "நோட்டன்ல தகரக் கொட்டக போட்டுப் பழைய படமா ஓட்டுனாங்க. பேரக் கேட்டதும் புள்ளைகள இழுத்துக்கிட்டு ஓடினேன். நீ சொன்ன மாதிரியேதான் எல்லாம். அந்த ஒத்தக் காம்பரா, ஆட்டுக்கல்லு, ஒண்ணு வுடல நீ."

நான் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

"கதவத் தட்டுனான். கல்ல நிறுத்துனா. திரும்ப ஆட்ட ஆரம்பிச்சா. பட்டுன்னு லைட்டப் போட்டுட்டான். எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க, நான் எந்திரிக்கல. இன்னும் இருக்கு, கதவத் தொறப்பா, அவன் அழுவான்னு சொன்னேன். பக்கத்துல ஒருத்தி சிரிச்சா. வுடுவேனா, படம் ஓட்டுறவன்கிட்டயே போயி, கடைசித் துண்ட எதுக்கு வெட்டுனீங்கன்னு கேட்டேன். இவ்வளவுதாம்மா படம்ங்கிறான். எங்க தோட்டத்துல ஒருத்தி நேர்ல பாத்துட்டு வந்து சொன்னா, அவ பொய் சொல்ற ஆளு இல்லன்னு நல்லா சண்ட புடிச்சேன்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வெட்டிட்டானுங்கதானே?"

எங்களுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. கங்காணி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் அம்மாவும் இல்லை. என்னைச் செங்குத்து நிரையில் போடுவதற்கு அந்த வாசற்படியில் ஒருவரும் கிடையாது. அவளும் நானும், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும்தான்.

"ஆமா, வெட்டிட்டாங்க" என்றேன்.

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றாள். "இல்லாட்டி நீ அப்பவே எங்கிட்டச் சொல்லியிருப்பியே."

பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.