கேக் சுடும் கணக்கும் கார்த்திகை விளக்கும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைன்னு போர்டு மாட்டினா கம்ப்யூட்டர் மட்டும்தான் வரும்னு நெனைக்கிறவங்க, தொழிலுக்குப் புதுசா வந்தவங்க. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டுல பத்தொன்பது வருஷமா கடை வச்சிருக்கேன், என்கிட்ட வராத சாமான் இல்ல. இதே பொழப்புல கெடந்து அல்லாடுற அன்பர்களே, நீங்களாவது கொஞ்சம் கேளுங்க.

பொட்டு வச்ச கேசட்டு

போன ஆயுத பூஜை முடிஞ்ச வாரம், விஜயா அக்கா துண்டுல எதையோ சுத்திக்கிட்டு வந்தாங்க. ஊருக்கு வெளிய சின்னதா செராமிக் யூனிட் வச்சு, கார்த்திகைக்கு பீங்கான் அகல்விளக்கு சுட்டு அனுப்புறவங்க. துண்டைப் பிரிச்சா, நான் பொறந்த காலத்து வூட்டுக் கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளயே மொத்தமும் அடக்கம், டிவியில சொருகினா படம் வரும், புரோகிராமெல்லாம் பாட்டு கேசட்டுல இருக்கும். மஸ்கட்ல வேலை பாக்குற அவங்க வூட்டுக்காரரு சேகர் மாமா, ஒரு லீவுக்கு வந்தப்போ தூக்கிட்டு வந்தது. சூளையில எப்போ எவ்வளவு சூடு ஏத்தணும்னு அதுதான் டிவியில காட்டி பீப் அடிக்குமாம். எல்லாம் முடிஞ்சா 'கேக் ரெடி'ன்னு எழுத்து வருமாம். சூளையில ஏது கேக்கு, அக்கா எதையோ கொழப்பிக்கிறாங்கன்னு நான் அதைக் காதுலயே போட்டுக்கல.

கேசட்டைப் பாத்தா நாடா பூராவும் சந்தனமும் குங்குமமும் கொழைஞ்சு கெடக்குது. ஒண்ணும் தேறாதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி இல்லாம ஏத்தின மொத சூளை அத்தனையும் விரிசல் விட்டுடுச்சாம், இன்னொண்ணும் போச்சுன்னா ஆர்டரே கைவிட்டுப் போயிடுமாம். சொல்லும்போதே அவங்க கண்ணு கலங்கிச்சு, எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் நம்ம வாய் சும்மா இருக்குதா, கேசட்டுக்குப் போயி யாராவது பொட்டு வைப்பாங்களான்னு கேட்டுட்டேன்.

"சுத்தியலுக்கும் தராசுக்கும் வச்சுட்டு, வேலை பாக்குற கேசட்டை மட்டும் எப்படித் தம்பி விடுறது?"

எலவசம்

பழைய கம்ப்யூட்டர் மேல பைத்தியமா இருக்கிற புண்ணியவானுங்க உலகம் பூரா இருக்காங்க. அந்தக் காலத்து புரோகிராம், புஸ்தகத்துல வந்த மாதிரி சோர்ஸ் கோடு, எல்லாத்தையும் நெட்டுல எலவசமா போட்டு வச்சிருக்காங்க. எலவசம்தான், இல்லேங்கல. ஆனா ஒரு இடத்துல லிங்க் செத்துக் கெடக்கும். இன்னொரு இடத்துல உறுப்பினர் ஆகணும்பான், அதுக்கு நாம மனுசன்தான்னு காட்ட டிராபிக் லைட்டைத் தேடித் தேடித் தொடணும். சூளைன்னு தேடினேன், செங்கல்னு தேடினேன், மண்பானைன்னு கூடத் தேடினேன். கெடைச்சது ராக்கெட்டு, தாவுற கொரங்கு, ஜெர்மன்ல ஒரு ஜாதகம்.

பட்டா நகல் எடுக்க வந்த கம்மாபுரத்துப் பெரியவரு ஒருத்தரு, பெஞ்சுல ஒக்காந்து இதையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தாரு. என்னப்பா தேடுறன்னு கேட்டாரு, எலவசமா கெடைக்கிற சாமான்னு சொன்னேன்.

"ரேஷன் கடையில கூட நான் இவ்ளோ நேரம் நின்னதில்லப்பா."

உசுரு வந்த கதை

சரி, பொட்டிக்காவது உசுரு இருக்குதான்னு பாப்போம்னு எறங்கினேன். அந்தக் கால புரோகிராமுங்கிறது வெறும் சத்தம்தான். நெட்டுல எடுத்த சத்தத்தைப் போன்ல ஓட விட்டு, ஒயர் வழியா பொட்டிக்குள்ள அனுப்பணும். சத்தம் கம்மியா வச்சா ஏறாது, கூட வச்சா பாதியில தப்புன்னு துப்பிடும். கொரங்கு விளையாட்டைத்தான் அனுப்பிப் பாத்தேன், சரியா போகுதான்னு கேக்க ஸ்பீக்கரையும் போட்டு விட்டேன். தகரத்தை ஆணியால கீறுற மாதிரி ஒரே கீச்சு. ஏழாவது தடவை டிவியில கொரங்கு குதிச்சுது பாருங்க, பெத்த புள்ள பாஸான மாதிரி ஒரு சந்தோசம். பெருமையா திரும்பினா, பக்கத்து டீக்கடை மாஸ்டர் கையில வடிகட்டியோட நிக்கிறாரு.

"அரை மணி நேரமா கத்த வுட்டு, ஒரு கொரங்கைத்தான் புடிச்சியா?"

மஸ்கட்லருந்து மாமா

வேற வழியில்லாம சேகர் மாமாவை வீடியோ கால்ல புடிச்சேன். அந்த புரோகிராம் நீங்களே எழுதினதான்னு கேட்டா மனுசன் சிரிக்கிறாரு. இங்கிலீஷ் புஸ்தகம் ஒண்ணுல கேக் சுடுறதுக்குப் போட்டிருந்தாங்களாம், அதைப் பாத்து அடிச்சு, நம்பரை மட்டும் சூளைக்கு மாத்தினாராம். கடைசி வரியை மாத்த மறந்துட்டாராம். தலையில அடிச்சுக்கிட்டேன். அக்கா மொத நாளே சொன்னாங்க, நாம்பாட்டுக்கு பெரிய மேதாவியாட்டம் வுட்டுட்டேன்.

அப்புறம் கேக்குன்னு தேடினா, மாஸ்டர் குடுத்த டீ ஆறுறதுக்குள்ள கெடைச்சிடுச்சு. எவனோ ஒரு மகராசன் அந்தப் புஸ்தகம் மொத்தத்தையும் எழுத்தெழுத்தா அடிச்சு வச்சிருக்கான். அவன் குடும்பம் நல்லா இருக்கட்டும். ஆனா அதுல இருக்கிறது கேக்கோட சூடு. சூளைக்கு நீங்க போட்ட நம்பரைச் சொல்லுங்க மாமான்னு கேட்டேன்.

"அது எனக்கு எப்படிப்பா தெரியும்? அவ சொல்லச் சொல்ல நான் அடிச்சேன்."

பொட்டி சொன்னா

மறுநாள் அக்காவை ஒக்கார வச்சுக் கேட்டேன். ஒரு சீட்டு இல்ல, நோட்டு இல்ல. மொத ரெண்டு மணி நேரம் கதவைக் கொஞ்சம் தொறந்து வச்சு சின்னத் தீ, ஈரம் போகணும். அறுநூறு டிகிரி வரைக்கும் மணிக்கு நூறுக்கு மேல ஏத்தக்கூடாது. அப்புறம் ரெண்டு பர்னரும் முழுசா. வாய்ப்பாடு மாதிரி மடமடன்னு சொல்லிக்கிட்டே போறாங்க, நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன். பாதியில அடிக்கிறதை நிறுத்திட்டு அவங்களைப் பாத்தேன். இவ்வளவும் மனப்பாடமா வச்சிருக்கிறவங்களுக்கு இந்தப் பொட்டி எதுக்கு? ஒரு சூளையை ஏன் பாழாக்கணும்?

கேட்டே வுட்டுட்டேன். அக்காவுக்குக் கோவம் வரல. சூளையில ரெண்டு ஆளுங்களாம், கடைசி பஸ்ஸு போயிடும்னு அன்னைக்குத் தீயைக் கூட்டிட்டானுங்களாம். கொறைங்கடான்னு பக்கத்துலயே நின்னு மூணு வாட்டி சொல்லியும் கேக்கலையாம்.

"நான் சொன்னா, 'எங்களுக்குத் தெரியும்க்கா'ம்பானுங்க தம்பி. பொட்டி பீப் அடிச்சாத்தான் எழுந்து ஓடுறானுங்க."

மிச்சத்தையும் அடிச்சு, புது கேசட்டுல ஏத்திக் குடுத்தேன். அடுத்த சூளை ஒரு விளக்கு கூட விரிசல் விடாம எறங்கி, கார்த்திகைக்கு லாரியும் ஏறிடுச்சு, ஆனா அன்னையிலருந்து யாராவது பழைய பொட்டியைத் தூக்கிட்டு வந்தா, அவங்க எடத்துல யாரு சொன்னா யாரு கேக்க மாட்டேங்குறாங்கன்னு விசாரிச்சுட்டுத்தான் நான் ஸ்க்ரூ டிரைவரையே எடுக்குறேன்.