மக்லாளுக்கு எதிரே இருந்த சொல்

மெய்ப்புத் தாளை அவர் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் வாசிப்பார். சுண்டுவிரல் நகத்தை ஒவ்வொரு சொல்லின் அடியிலும் ஊன்றி, எழுத்து எழுத்தாக. அர்த்தம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் பிழை தப்பிவிடும் என்பார். அச்சகத்தில் பிழை திருத்துபவரான அவருக்குப் பெயர் 'கமா'.

அந்த வாரம் கையில் இருந்தது வேதாகமத்தின் எபிரேய வம்சப் பெயர்களுக்கு ஓர் அகராதி. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பொருள். தோலாவின் பிள்ளைகள் தோலாவியர். தோலா என்றால் புழு.

"புழுன்னு பேர வச்சிக்கிட்டு ஒரு வம்சமே நிமிந்து நடந்திருக்கு பாருங்கண்ணே," என்றார் பக்கம் அமைப்பவர். "நம்ம பரம்பரைக்குப் பிழையியர்னு வச்சிரலாமா?"

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட கமாவின் மகள் மூன்று நாளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் கிடந்தாள். மதியம் தாள்களைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"அட்டையில இன்னும் பேரே இல்ல சார்," என்றார் நர்ஸ். "சாயங்காலம் வரைக்கும் தாங்குமான்னு டாக்டரே..."

கட்டிலில் கிடந்த மனைவி அவர் சட்டையைப் பிடித்தாள். "கூப்பிட ஒரு பேருகூட இல்லாம அவள அனுப்பிராதீங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அர்த்தத்தைத் தேடித் தாளைப் பிரித்தார். மகன் இல்லாத செலொப்பியாத்துக்கு ஐந்து மகள்கள். எங்கள் அப்பா பெயர் ஏன் வம்சத்திலிருந்து அழிய வேண்டும் என்று சபை நடுவே நின்று கேட்டவர்கள். அப்படி நிற்கிற ஒருத்தியின் பெயர் போதும்.

"நோவாள்?"

"வாயக் கழுவுங்க! நொந்துபோய்க் கிடக்கிறவ இன்னும் நோவாளா?"

அதற்கு மேல் வரியில் மக்லாள். எதிரே 'அசைவு'. உரக்க வாசித்தார்.

"அசைவுன்னா போட்டிருக்கு?" தையல் இழுக்க இழுக்க எழுந்து உட்கார்ந்தாள் மனைவி. "அதையே எழுதச் சொல்லுங்க."

நர்ஸ் எழுதினார். கமா கண்ணாடியில் வாயை ஒட்டி வைத்துக்கொண்டார். "மக்லா... அப்பா வந்திருக்கேன்டி. ஒரு விரல் போதும், கண்ணு." அசைவில்லை. மீண்டும் கூப்பிட்டார். தொண்டை கட்டி வெறும் காற்று வந்தது, அப்போதும் விடவில்லை. வெளியே போகச் சொன்னது அவர் காதில் விழவில்லை.

மறுநாள் காலை நர்ஸ் வராந்தாவுக்கு ஓடிவந்தார். "சார், டியூப உதைக்கிறா சார் உங்க பொண்ணு!"

ஆறாவது வாரம் வீட்டுக்கு வந்தாள்.

அகராதி அச்சாகி வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் பொருள் வரிசை முழுக்க, அவர் கண்ணுக்குத் தப்பி, ஒரு வரி மேலேறி நின்றிருந்தது. அசைவு, நோவாளின் பொருள். மக்லாள் என்றால் நோய்.