கயிறு மாஸ்டரின் மூன்று நிமிடம்

கயிறு மாஸ்டர் என்றால்தான் குத்துச்சண்டைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். கடிகாரம் பார்க்கிறவனைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றவர்கள் மணல்மூட்டையில் குத்தும்போது அவரும் பக்கத்தில் நின்று கயிறு தாண்டுவார். மூச்சு இரைத்து, தொடை எரிந்து, உடம்பு கெஞ்சும் இடத்தில் "மூணு நிமிஷம், சுற்று முடிஞ்சுது, நிறுத்து!" என்பார். எதிர்த்துக் கேட்டால் முதுகில் கயிறு பேசும். சொந்தத் தங்கச்சியையும் பத்து வருடம் அப்படித்தான் அடித்துப் பழக்கினார். உள்ளூர்ப் பந்தயங்களிலும் அவர் கணக்குப்படிதான் மணி அடிப்பார்கள்.

தங்கச்சிக்கு அது முதல் வெளியூர்ப் பந்தயம். முதல் சுற்றிலேயே எதிராளியின் மூக்கை உடைத்தாள். நடுவரின் சட்டையெல்லாம் ரத்தம். அந்த வெறியில், வழக்கத்தைவிட மணி தாமதமாக அடித்தது அண்ணன், தங்கை இருவருக்கும் உறைக்கவில்லை. இரண்டாவது சுற்றில், இருந்த பலத்தையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, வழக்கமான இடத்தில் மணிக்காகக் கையைத் தாழ்த்தினாள். மணி அடிக்கவில்லை. எதிராளி அடித்தாள். தாடையில் ஒன்று, காதில் ஒன்று, மறுபடி தாடையில். எலும்பு முறிந்த சத்தம் முதல் வரிசைவரை கேட்டது.

"மணிய அடிடா, நாயே!"

மாஸ்டர் பாய்ந்துபோய் மணியடிப்பவரின் சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினார். உதடு கிழிந்த அந்த மனிதர் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். இன்னும் ஏழு விநாடி பாக்கி இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். மூன்றாம் நாளும் மாஸ்டரின் வாய் ஓயவில்லை. "கடிகாரத்துல ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டான்மா. அவன சும்மா விடமாட்டேன்."

பேச முடியாதவள் அவர் பையிலிருந்த கயிற்றை எடுத்து அவர்மேல் எறிந்தாள். கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டாள்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மாஸ்டர் தாண்டினார். வியர்த்தது, தொடை எரிந்தது. "மூணு நிமிஷம்!" என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

அவள் திரையைத் திருப்பினாள். இரண்டு நிமிடம் இருபத்தைந்து விநாடி.

உடம்பு எரியும்போது நேரம் நீண்டுபோகும் என்பது அந்தப் பாழாய்ப்போன மனிதருக்கு அப்போதுதான் புரிந்தது.

"அம்மாடி..." என்று கையை நீட்டினார். அவள் அதைத் தட்டிவிட்டு, தாண்டு என்று விரலைச் சுழற்றினாள். மீதி முப்பத்தைந்து விநாடியையும் அவர் அழுதுகொண்டே தாண்டினார். விநாடிக்கு ஒரு தடவை அவள் கட்டில் கம்பியில் குத்தினாள்.