கிறிஸ்தோப்பர் பிடித்த சமன்

கிறிஸ்தோப்பரைப் போல ஒரு பிடிவாதக்காரரை சென்ட் லோரன்ட் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. றோசாவைக் கேட்டால் மொன்றியல் முழுக்க என்பாள். இருபத்தாறு வருடம் அவரோடு குடித்தனம் நடத்துகிறவள், அவளுக்குத் தெரியாதா?

2007 மே மாதம் ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் பெண் ஆறுதலாகத்தான் சொன்னாள். சிறுநீரகம் இரண்டும் களைத்துவிட்டன. இந்த வருடத்துக்குள் மெசினில் இரத்தத்தைச் சுத்தப்படுத்த வேண்டிவரும். அதற்கு முன்கூட்டியே, மெசினின் ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் ஒரு சின்ன ஒப்பரேசன் செய்யவேண்டும், அது ஆறிப் பலப்பட மாதக்கணக்காகும், உடனே நாள் குறிப்போம் என்றாள். கிறிஸ்தோப்பர் இடது கையை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டார்.

"ஒரு சமன் பிடிச்சிட்டுத்தான் கையத் தருவன் எண்டு சொல்லு" என்றார்.

றோசாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. யோசித்துச் சொல்கிறாராம் என்று பிரெஞ்சில் மாற்றிச் சொல்லிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

சால்மனுக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர்தான் சமன். பார்க் எக்ஸ்டென்ஷன் கடைகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. வாங்கிக் குழம்பு வைத்தால் முடிந்தது கதை. இந்த மனிதருக்கு மட்டும் அதை ஆற்றில் தன் கையால் பிடிக்கவேண்டும். வெயர்ஹவுசில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர், நான்கு வருடமாக ஜூலை லீவில் கியூபெக் நகரத்துக்கும் அங்கால் உள்ள ஒரு சிற்றாற்றுக்குத் தனியாகப் போவதும், வெறுங்கையோடு வந்து இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்காமல் இருப்பதுமாகக் காலத்தைக் கடத்தினார்.

இந்த முறை தனியே விட றோசா சம்மதிக்கவில்லை. அவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. மீனில் அவளுக்கு ஒரு ஆசையுமில்லை. அவளுக்கு அந்தக் கை வேண்டும். அவர் உயிரோடு இருக்கவேண்டும். ஐந்து மணித்தியாலக் கார்ப் பயணத்தில் மாதாவிடம் ஒரேயொரு சமனுக்காக மன்றாடிக்கொண்டே வந்தாள்.

கடலின் பெருக்கும் வற்றலும் அந்தச் சிற்றாற்றின் வாய்வரை வந்து போகும். பெருக்கோடு சமன் உள்ளே ஏறும். பெருக்கு நின்று தண்ணீர் வற்றத் தொடங்கும்போது கற்களுக்குப் பின்னால் இளைப்பாறும். அந்த ஒரு மணித்தியாலம்தான் நேரம். இரை போடக்கூடாது, அது அங்கே சட்டம். தூண்டில் முள்ளில் இறகைப் பூச்சிபோலக் கட்டி, ஆற்றுக்குக் குறுக்கே வீசி, ஓடுகிற தண்ணீர் அதை வளைத்துக்கொண்டு போக விட்டு, ஒரு எட்டு கீழே வைத்து மறுபடி வீசவேண்டும். ஆற்றுக்குள் வந்த சமன் சாப்பிடாது. பிறகு ஏன் அந்த இறகைக் கவ்வுகிறது என்றால், கோபத்தில் என்கிறார்கள். கிறிஸ்தோப்பருக்கு ஏற்ற மீன்தான்.

இரண்டு நாளில் மூன்று மீன் தொட்டன, மூன்றும் போயின. கொஞ்சம் கீழே நின்ற தாடிக்காரன் ஒருவன் மட்டும் காலையிலேயே ஒன்றைப் பிடித்துவிட்டான். றோசா நேரே அவனிடம் போனாள். வேலை செய்கிற கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமையலறையில் பழகிய பிரெஞ்சு அவளுக்குத் தாராளம்.

"மீன் தொட்ட உடன நீங்க சுண்டி இழுக்கிறீங்களாம்" என்று வந்து சொன்னாள். "அது கவ்விப்போட்டுத் திரும்பும்வரை பேசாம நிக்கட்டாம். நீங்க வாய்க்குள்ள இருந்து பறிச்செடுக்கிறீங்களாம்."

"ஊரில கல்லடிப் பாலத்தில பன்னிரண்டு வருசம் தூண்டில் போட்டவன் நான். எனக்கு அவன் படிப்பிக்கிறானோ?"

கோளாறே அந்தப் பாலத்தில்தான் இருந்தது. அங்கே தங்கூசி நைலோன் நூலை இடது சுட்டுவிரலில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். நூல் நடுங்கிய கணமே சுண்டாவிட்டால் மீன் இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும். பன்னிரண்டு வருடம் அப்படிப் பழகிய விரல், தலை யோசிக்கும் முன்பே வேலையை முடித்துவிடும்.

மூன்றாம் நாள் காலையில் நான்காவது மீனும் அப்படியே போயிற்று. கிறிஸ்தோப்பர் கரைக்கு வந்து ஒரு கல்லில் இருந்தார். முகம் சாம்பிப் போயிருந்தது.

"ஏலாது புள்ள. கை சொல்லுக் கேக்குதில்ல."

றோசாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மறுநாள் லீவு முடிகிறது.

"சொல்லுக் கேக்காட்டி அந்தக் கையப் பொக்கெட்டுக்குள்ள வையுங்க" என்று கத்தினாள். "ஓடுற தண்ணிதானே முள்ளக் கொண்டு போகுது? ஒரு கை போதும்."

அவர் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு, பின்னேரம் தண்ணீர் வற்றத் தொடங்கியதும், வீசிவிட்டு இடது கையை ஜக்கெட் பொக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல இருந்தது. தாடிக்காரனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

ஏழாவது வீச்சோ எட்டாவதோ, பொக்கெட்டுக்குள் அந்தக் கை துள்ளியதை றோசா கண்டாள். வெளியே வரவில்லை. நூல் இறுகியது, தடி வளைந்தது, நூற்சுருள் கிறீச்சிட்டது.

"இப்ப எடுக்கட்டா?"

"எடுங்க! எடுங்க!"

இருபத்தைந்து நிமிடம் அது அவரை ஆட்டிவைத்தது. துள்ளும்போது தடியைத் தாழ்த்தினார், ஓடும்போது விட்டுக்கொடுத்தார். கடைசியில் தாடிக்காரன் வலையைக் கொண்டுவந்து ஏந்தினான். வெள்ளிப் பாத்திரம் விளக்கி வைத்ததுபோல ஒரு மீன். அளந்து பார்த்துவிட்டு அவன் றோசாவிடம் மெதுவாக ஏதோ சொன்னான். அவள் கிறிஸ்தோப்பர் பக்கம் திரும்பினாள்.

"பெரிசாம். இந்தளவு பெரிச விட்டுரோணுமாம். சட்டமாம்."

பிடித்த மீனைத் திருப்பி விட்டதாக அந்த மனிதரின் சரித்திரத்திலேயே இல்லை. இது கணக்கில் இல்லை என்று சொல்லிவிடுவாரோ, இன்னொரு வருடம் கையை ஒளித்துவைப்பாரோ என்று றோசா பயந்தாள். இன்னொரு வருடம் அவரிடம் இல்லை.

கிறிஸ்தோப்பர் முள்ளைக் கழற்றிவிட்டு, தண்ணீருக்குள் முழங்காலில் நின்று, மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிரே திருப்பி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். அது பக்கவாட்டில் சரிந்தது. நிமிர்த்தினார். செவுள் மெல்ல அசைந்தது.

"அவசரப்படாத" என்றார் மீனிடம். "மூச்செடு. நான் புடிச்சிருக்கன்."

பத்து நிமிடம் இருக்கும். அந்தக் குளிரில் அவருடைய உதடு நீலமாகிவிட்டது, கையை எடுக்கவில்லை. பிறகு வால் ஒருமுறை அவருடைய மணிக்கட்டில் அடித்தது. மீன் போய்விட்டது.

றோசா சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி அவரைத் தூக்கிவிட்டாள். கரையில் இருத்தி, துவாயால் துடைக்கும்போது அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கியது.

"றோசா" என்றார். "அந்த மெசின்ல எத்தின மணித்தியாலம் இருக்கோணும்?"

"நாலு. கிழமைக்கு மூண்டு தரம்."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மேசைக்கடியில் கையை ஒளித்த அன்றிலிருந்தே பயந்துதான் இருந்திருக்கிறார்.

"அவ்வளவு நேரமும் நீ பக்கத்தில இருப்பியா?"

"பின்ன எங்க போவன்?" என்றாள் றோசா.

கிறிஸ்தோப்பர் இடது கையை அவளுடைய மடியில் வைத்தார்.