மெமரி கார்டில் இல்லாத முகம்

மயிலாடியில் கல் கொத்தத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. போட்டோவைப் பார்த்து மனித முகத்தைக் கல்லில் இறக்குவதற்கு என்னை விட்டால் ஆள் குறைவு. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. சொல்லாமல் இருந்தால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவர் பட்டறையில் உளி தீட்டிக் கொடுத்துத் தொடங்கி, முப்பத்தைந்து வயதில் சொந்தப் பட்டறை போட்டேன். சாமி சிலை எல்லோரும் செய்வார்கள். அதற்குத் தாள அளவு என்று சாஸ்திரக் கணக்கு இருக்கிறது; அளவு தவறாவிட்டால் சாமி வந்துவிடும். செத்துப்போன மனிதருக்கு மார்பளவுச் சிலை செய்வது அப்படியில்லை. துணியை விலக்கியதும் அவருடைய பெண்டாட்டி வாய்விட்டு அழ வேண்டும். என் சிலைகளைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். ஒரு அம்மாள் கல்லின் கன்னத்தில் அடித்து, "இப்பமாவது வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லும்" என்றாள். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யார் கொடுப்பது?

ஆர்டர் கொடுப்பவர்களிடம் நான் கேட்பது மூன்று போட்டோ. நேர் முகம், வலப்பக்கம், இடப்பக்கம். வந்த படங்களைப் பட்டறைப் பலகையில் ஊசி குத்தி வைப்பேன். அந்தப் பலகையில் உயிரோடு இருப்பவர் ஒருவரும் இருந்ததில்லை.

என் மனைவி மத்தியானச் சோறு கொண்டுவரும்போதெல்லாம் அந்தப் பலகைக்கு முதுகு காட்டித்தான் நிற்பாள். "இஞ்ச வாற போட்டோ எல்லாம் மேல போனவியளுக்க போட்டோவாக்கும். எவனாவது எனக்க போட்டோவ எடுத்தா, நானும் அந்தப் பலகையில ஏறிருவேன்" என்பாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காமிராவைக் கண்டால் எழுந்து போய்விடுவாள். எங்கள் மகள் கல்யாண ஆல்பத்தில் அவள் மூன்று இடத்தில் இருக்கிறாள். ஒன்றில் முதுகு, ஒன்றில் குனிந்த தலை, மூன்றாவதில் என் தோளுக்குப் பின்னால் பாதி நெற்றி. வாக்காளர் அட்டையிலும் ஆதாரிலும் இருப்பது ஒரு கறுப்பு நிழல். அது அவளாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

இரண்டாயிரத்து நாலில் பட்டன் போன் வாங்கினேன். எங்கள் தெருவில் கல் வேலைக்காரன் கையில் வந்த முதல் போன் அது என்றுதான் நினைக்கிறேன். பேசுவதற்கு அது போதும். ஆனால் ஏழெட்டு வருடம் போனதும் ஆர்டர் கொடுப்பவர்கள் தபாலில் படம் அனுப்புவதை விட்டுவிட்டார்கள். "அண்ணாச்சி, உங்க போன்ல படம் வருமா?" என்று கேட்டார்கள். வராது என்று சொன்னால் அந்த ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போயிற்று. அதனால் ஆண்ட்ராய்டு போனுக்கு மாறினேன். முதல் மாற்றத்துக்குக் காரணம் வயிறு. அதில் குற்றமில்லை.

தக்கலையில் ஒரு கடையில் வாங்கினேன். கடைக்காரர் வளைகுடாவில் பல வருடம் இருந்து திரும்பியவர். ஒரு மெமரி கார்டையும் உள்ளே போட்டு, "படம், பாட்டு எல்லாம் இதுல கெடக்கும் அண்ணாச்சி" என்றார். விரல் நகம் அளவு கார்டு. அதில் ஊர் மொத்தமும் அடங்கும் என்றால் நம்பத்தான் வேண்டும். நான் நம்பினேன்.

அந்த ஆண்ட்ராய்டு போனில்தான் என் வாழ்க்கையின் பெரிய திருட்டைச் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கொல்லையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றி நடந்தேன்.

"என்ன தேடுகிய?"

"டவர் கிடைக்கல்லட்டி."

"டவரு எனக்க தலையிலயா இருக்கு?"

"இங்கதான் ரெண்டு கோடு காட்டுகு. நீ அனங்காம இரி."

அவள் சிரித்தாள். நேர் முகம் ஒன்று எடுத்தேன். தென்னையடிக்குப் போய் வலப்பக்கம் ஒன்று. கிணற்றடிக்கு வந்து இடப்பக்கம் ஒன்று. "கிணத்துல விழுந்திராதியும். பொறவு அங்க போயி டவர் தேடணும்" என்றாள். மூன்று படமும் பளிச்சென்று விழுந்தன. வெளியாட்களிடம் கேட்டு வாங்குகிற அதே மூன்று பக்கம். செத்தால் சிலை வைக்கலாம் என்று நினைத்து எடுக்கவில்லை. தொழில் பழக்கம், கை அப்படித்தான் போயிற்று. பட்டறையில் தனியாக இருக்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன். அவளிடம் காட்டவே இல்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு கோயில் கமிட்டிக்காரர் பட்டறைக்கு வந்தார். மகன் வெளிநாட்டில். கையில் ஐபோன். நான் செய்து வைத்திருந்த சிலையை என் போனில் காட்டினேன். அவர் தன் போனிலும் ஒரு படம் எடுத்து, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"உங்க போன்ல கல்லு சிமெண்ட் மாதிரி இருக்கு பாத்தியளா? இதுல பாருங்க, உளி போன தடம் தெரியுது."

தெரியத்தான் செய்தது. அன்றைக்கு இரவே நானும் ஐபோன் வாங்குவது என்று முடிவு செய்தேன். என் போனும் அப்போது சொன்ன பேச்சு கேட்கவில்லை. காலை வணக்கமும் பூப்படமும் நிறைந்து, ஒரு படம் திறப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கலாம். இருந்தாலும் உண்மைக் காரணம் அதுவல்ல. நான் செய்த சிலையை இன்னொருவர் போன் என்னுடையதைவிட நன்றாகக் காட்டியது. அதைப் பொறுக்க முடியவில்லை.

"இருக்கது நல்லாத்தானே பேசுகு?" என்றாள் மனைவி.

"ஒனக்கென்னட்டி தெரியும்? வாற ஆளு மேசையில வைக்கும்போ நானும் வைக்காண்டாமா?"

"வையுங்க. ரெண்டையும் வச்சு தாயம் விளையாடுங்க."

மறுநாள் தக்கலைக்குப் போனேன். அதே கடைக்காரர். பழைய போனைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வேன் என்றார். பிறகு கேட்டார்: "பழசுல உள்ளதெல்லாம் எடுத்து வச்சாச்சா அண்ணாச்சி? ஐபோன்ல கார்டு போடுகதுக்கு இடம் கிடையாது கேட்டியளா."

நான் பழைய போனின் முதுகைக் கழற்றி, கார்டை உருவி, அவர் முன்னால் உயர்த்திக் காட்டினேன். "எல்லாம் இதுக்குள்ள இருக்கு. எனக்குப் படிப்பிக்காண்டாம்."

"இல்ல, ஒருக்கா பாத்திட்டு..."

"வோய், நான் எத்தனை பேருக்க முகத்தைக் கல்லுல வச்சவன். எனக்க படம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. கடைக்காரர் பழைய போனை என் பக்கம் திருப்பி வைத்தார். "எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குகு. நீங்களே அமுக்குங்க. பொறவு என்னைச் சொல்லப்பிடாது." நான் அமுக்கினேன். வலது கை ஆள்காட்டி விரல்.

ஐபோனோடு நான் பட்ட பாடு தனி. முன்னே போனால் பின்னே வர ஒரு பொத்தான் கிடையாது. இருக்கிற வயர் ஒன்றும் பொருந்தாது. பாட்டு ஏற்றித் தரச் சொன்னால் ஏறாது என்றார்கள். அடிக்கடி ஏதோ கடவுச்சொல் கேட்கும். மகளைக் கூப்பிட்டுக் கேட்பேன். ஆனாலும் யார் வந்தாலும் முதலில் அதை எடுத்து மேசையில் வைப்பேன், முகம் மேலே பார்க்க. கார்டை ஒரு தீப்பெட்டியில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் மனைவி இறந்தாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பதினாறு கழிந்த மறுநாள் மகள் சொன்னாள்: "அப்பா, ஊருக்கெல்லாம் செஞ்சு கொடுத்திய. அம்மைக்கு ஒண்ணு செய்யுங்க. வருசத் திதிக்கு வைக்கலாம்."

"அம்மைக்க போட்டோ எங்கிட்ட இருக்கு. மூணு பக்கமும் இருக்கு" என்றேன். அவள் நம்பவில்லை. நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு தக்கலைக்குப் பஸ் ஏறினேன். துக்கத்திலும் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

கடைக்காரர் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினார். பக்திப் பாட்டு. அதற்குக் கீழே பக்திப் பாட்டு. வேறு ஒன்றும் இல்லை.

"படம் எங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். காமிராவில் எடுத்த படங்கள் போனின் வயிற்றிலேயேதான் கிடந்திருக்கின்றன. கார்டுக்குப் போகச் சொல்லி நாம் மாற்றி வைத்தால்தான் போகுமாம். நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தெரியாது. எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்டவர் வாயையும் அடைத்தேன்.

"அந்த போனு?"

"அது கைமாறிப் போயாச்சு அண்ணாச்சி. இருந்தாலும் பிரயோசனமில்ல. நீங்கதானே அழிச்சிய."

நினைவிலிருந்து செய்யலாம் என்று வீட்டுக்கு வந்து கல் எடுத்தேன். நாற்பது வருடம் கூட இருந்தவள். கண்ணை மூடினால் நிற்கிறாள்; உளியை வைத்தால் போய்விடுகிறாள். சாமி முகத்துக்கு நெற்றி ஒரு பங்கு, மூக்கு ஒரு பங்கு, மூக்கின் கீழிருந்து தாடை வரை ஒரு பங்கு, மூன்றும் சமம். என் மனைவிக்கு எதுவும் சமமில்லை. நெற்றி ஏறியிருக்கும், மூக்கு சின்னது, தாடை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்வு. எந்தப் பக்கம்? அதுதான் தெரியவில்லை. போட்டோ இல்லாத இடத்தில் கை தனக்குத் தெரிந்த அளவுக்குத் தானே போகிறது.

மகள் வந்து பார்த்தாள். "மூக்கு இப்பிடி இல்லப்பா."

"பின்ன எப்பிடி?"

அவள் தன் மூக்கைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். அவளுக்கு இருப்பது என் மூக்கு. பிறந்த அன்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான்.

அந்தச் சிலை முடியும் முன்னே ஒரு கோயில்காரர் பட்டறைக்குள் வந்தார். அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "அம்மன் என்ன லட்சணம்! எந்த ஊருக்கு?" என்றார். அவர் போனதும் முகத்தைக் கிரைண்டரால் வழித்துவிட்டேன். இரண்டாவது கல்லும் அம்மனாகவே வந்தது.

அப்புறம் மருமகன் சொன்னார், பழைய ஆண்ட்ராய்டில் ஒரு மெயில் கணக்கு இருந்திருக்கும், மறுபடி ஆண்ட்ராய்டு போன் வாங்கி அதே கணக்கில் நுழைந்தால் சில வேளை படங்கள் திரும்பி வரும் என்று. நான் ஐபோனைக் கொடுத்துவிட்டு மூன்றாம் முறை மாறினேன். இந்த முறை காரணம் வயிறுமல்ல, வீம்புமல்ல. விலைகூடப் பேசவில்லை. கடைக்காரர் பழைய நோட்டைப் புரட்டி, முன்பு தானே போட்டுக் கொடுத்த மெயிலையும் கடவுச்சொல்லையும் கண்டுபிடித்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, என்றைக்கும் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

"வருகு அண்ணாச்சி, வருகு" என்றார்.

வந்தது நம்பர்கள் மட்டும். லாரிக்காரர், குவாரிக்காரர், கமிட்டிக்காரர் எல்லோரும் வந்தார்கள். 'வீடு' என்று அவள் நம்பரும் வந்தது. அதன்மேல் ஒரு வட்டம். போட்டோ வைக்காத ஆளுக்குப் போன் தானாக ஒரு உருவம் போட்டுவிடுகிறது. சாம்பல் நிறத்தில் தலை, கழுத்து, இரண்டு தோள். மார்பளவு. முகமில்லை.

கடைக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

வருசத் திதிக்குச் சிலை வைக்கவில்லை. மூன்றாவது கல் பட்டறை வாசலிலேயே நிற்கிறது. தோளில் சேலை மடிப்பு, கழுத்துச் சங்கிலி, காதுக் கம்மல், அள்ளி முடிந்த கொண்டை எல்லாம் முடித்துவிட்டேன். அதெல்லாம் எனக்குத் தெரியும். முகம் மட்டும் வெறும் கல்லாகவே இருக்கிறது. வேலையாட்கள் அதில் சாய்ந்து நிற்பதில்லை.

ஆர்டர்கள் இப்போதும் வருகின்றன. யாரோ ஒருவருடைய அம்மா, நேர் முகம், வலப்பக்கம், இடப்பக்கம், என் போனில் வந்து விழுகிறாள். நன்றாகவே செய்து கொடுக்கிறேன். வருகிறவர்கள் வாசலில் நிற்கிற கல்லைக் காட்டி, "இது யாருக்க சிலை அண்ணாச்சி, பாதியில நிக்கு?" என்று கேட்பார்கள்.

"ஆர்டர் கொடுத்தவன் போட்டோ தரல்ல" என்பேன்.